இடது தோள்

பெரியவளுக்கு அந்த வருஷக் கிறிஸ்துமஸ் முதல் மெழுகுவத்தி ஏற்றும்போதே கசந்துவிட்டது.

அந்த வீட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் மேஜையில் ஒவ்வொரு மெழுகுவத்தி கூடும். நான்காவது ஏறுவதற்குள் ஒரு கோட்டு தைத்து முடிந்திருக்க வேண்டும். மாமியார் ஆரம்பித்து வைத்த வழக்கம் அது. அக்கம்பக்கத்தில் குளிருக்குப் போட்டுக்கொள்ளச் சரியாக ஒன்றும் இல்லாத ஒரு ஆளைப் பார்த்து, அந்த ஆளுக்கென்றே புதுத் துணி எடுத்துத் தைக்க வேண்டும். பழையதைக் கழுவி மடித்துக் கொடுக்கக் கூடாது. டேப்பை எடுத்துக்கொண்டு போய் எதிரில் நிற்கக் கூடாது, கண்ணாலேயே அளவெடுக்க வேண்டும். எடுத்த அளவைத் துண்டுக் காகிதத்தில்கூட எழுதக் கூடாது, நேராகத் துணியில்தான் சாக்பீஸ் இறங்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பகலில் அந்த வீட்டுக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, ஒரு தட்டுத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அதற்கப்புறம் அந்தக் கோட்டு தெருவில் எதிரே நடந்து வந்தாலும் புருவத்தைத் தூக்கக் கூடாது.

"வாங்குறவங்க தலை குனியக் கூடாது" என்பார் மாமியார். அவர் போய் எட்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன் ஐந்து வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தும், பிறகு எட்டு வருஷம் தனியாகவும் பெரியவள்தான் தைத்தாள். தையல்தான் அவளுக்குத் தொழிலும். வாசல் அறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடச் சீருடை, திரைச்சீலை, இடுப்புப் பெருத்தவர்களுக்குக் கால்சட்டை பிரித்துப் பெரிதாக்குவது என்று வருஷம் முழுக்கக் கால் ஓயாமல் மிதிக்கிறவள்.

வெளியே பேர் கிடைக்காத வேலை இந்தக் கோட்டு வேலை. ஆனால் வீட்டுக்குள் ஒன்று கிடைக்கும். தைத்து முடித்ததும் மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கட்டை விரலால் ஒவ்வொரு தையலாகத் தடவிக்கொண்டு போவார். கடைசிப் பொத்தானுக்கு வந்ததும், "இது நல்லா இருக்கும்மா" என்பார். மனிதர் முப்பத்தைந்து வருஷம் தபால் கொடுத்தவர், ஊரார் எழுதினதையெல்லாம் சுமந்து சுமந்து தன் பேச்சைச் சுருக்கிக்கொண்டவர். அவர் வாயிலிருந்து வரும் அந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு பெரியவள் அடுத்த டிசம்பர்வரை ஓட்டிவிடுவாள்.

யாருக்குத் தைப்பது என்று பார்த்துச் சொல்வதும் மாமனார்தான். எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன கஷ்டம் என்பது தபால்காரருக்குத் தெரியாதா?

அந்த ஞாயிற்றுக்கிழமை தீக்குச்சியை ஊதி அணைத்துவிட்டு அவர் சொன்னார்: "இந்த வருஷம் யாருக்குன்னு நான் பாக்கல. மாடிப்படியப் பாத்தாலே முட்டி ரெண்டும் அழுவுது."

பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பொறுப்பு என்றைக்காவது கைமாறினால் யார் கைக்கு வரும் என்று அவள் யோசித்ததுகூட இல்லை, அவ்வளவு நிச்சயம். இந்த வருஷம் செருப்புத் தைக்கிறவருக்குத்தான் என்று ஆளைக்கூட மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

"சின்னவ பாத்துச் சொல்லட்டும்," என்றார் மாமனார். "அவதானே தினமும் பத்து வீட்டுப் படி ஏறி இறங்குறா."

சின்னவள் என்பது இளைய மருமகள். கொழுந்தன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் சாலையில் இருப்பான். அவன் பத்து மாதத்துக்கு முன்பு கட்டிக்கொண்டு வந்து நிறுத்தின பெண். வீடு வீடாகப் போய் புண்ணுக்குக் கட்டு மாற்றி, ஊசி போட்டு, வயசானவர்களுக்கு மாத்திரை எடுத்து வைத்துவிட்டு வருகிற நர்ஸ். அப்பா அம்மா கிடையாது, விடுதியில் வளர்ந்தவள். அதை ஒரு குறையாகச் சொல்லி மூக்கைச் சிந்தினாலாவது இரக்கப்பட்டுவிட்டுப் போகலாம். அதுவும் செய்யமாட்டாள். எந்நேரமும் சிரித்த முகம்.

"நானா மாமா? எனக்கு என்ன தெரியும்?" என்றாள். சொல்லிவிட்டு, மூச்சு விடுவதற்குள், "முட்டைக்காரம்மா!" என்றாள். "அந்த மூணாவது மாடி. கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது. குளிருக்கு நைட்டி மேல நைட்டி, அதுக்கு மேல செத்துப்போன வீட்டுக்காரரோட சட்டை ரெண்டு. பாக்கவே கஷ்டமா இருக்கு மாமா."

"நல்ல ஆளு," என்றார் மாமனார்.

நல்ல ஆள்தான். அதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. முட்டைக்காரம்மா தெருவுக்கெல்லாம் முட்டை விற்றவள், கால் புண்ணால் ஒரு வருஷமாக வியாபாரத்தை விட்டுவிட்டு, கடைக்கும் சர்ச்சுக்கும் தவிர வெளியே வராமல் வீட்டோடு கிடந்தாள். தனக்கு ஏன் அந்த முகம் ஞாபகத்துக்கு வரவில்லை என்று திரும்பத் திரும்பத் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

ஓரகத்தி என்றால் ஊருக்குத் தங்கச்சி மாதிரி. மனசுக்குள் என்னவென்று வாழ்க்கைப்பட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பெரியவள் கெட்டவள் இல்லை. யாருக்கும் துணியில் ஒரு சாண் குறைத்தவள் இல்லை. ஆனால் இந்தப் பத்து மாதமாக அவள் கண்ணுக்குச் சின்னவளைத் தவிர வேறெதுவும் படவில்லை. சின்னவள் போட்ட டீயில் சர்க்கரை இல்லை, மாமனார் அதைச் சொட்டு விடாமல் குடிக்கிறார். இவள் போட்டதில் ஒரு சிட்டிகை குறைந்தால் டம்ளர் திரும்பி வரும். மகளுக்கு ஒன்பது வயசு. தலை பின்ன இவளிடம் வந்தால் "வலிக்குது, வலிக்குது" என்று கத்துகிறவள், சின்னவள் மடியில் பொம்மை மாதிரி உட்கார்ந்துகொள்கிறாள். கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளில் ஒரு மேய்ப்பனுக்குக் கோல் உடைந்து போய், பதின்மூன்று வருஷமாகப் பெரியவள் அவனை மாட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவந்தாள். சின்னவள் மருந்து தடவுகிற பஞ்சுக் குச்சி ஒன்றை ஒட்டி, அவனை முன்வரிசையில் நிறுத்திவிட்டாள். பார்க்கிறவர்கள் எல்லாம் மூன்று ராஜாக்களை விட்டுவிட்டு அவனையே பார்க்கிறார்கள்.

"மாமாவுக்கு அவள்னா உசுரு," என்றாள் பெரியவள் புருஷனிடம். அவன் எலெக்ட்ரீஷியன், ஜன்னலில் நட்சத்திர விளக்குக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான்.

"யாருக்கு?"

"உங்க அப்பாவுக்குத்தான். நான் ஒருத்தி இந்த வீட்ல இருக்கேனான்னே தெரியல."

"நீ மெஷின்ல உக்காந்தா அப்பா ரேடியோவ நிறுத்திடறாரு. இதுக்கு மேல என்ன வேணும்? அந்த ஸ்க்ரூவ எடு."

ஆம்பிளைகளிடம் இதையெல்லாம் சொல்வதே வீண் என்று ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்தாள்.

இன்னொன்றும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சின்னவள் போட்டுக்கொண்டிருந்த கோட்டு விடுதியில் யாரோ தானமாகக் கொடுத்தது. சாம்பல் நிறம், இரண்டு ஆள் புகுந்துகொள்ளலாம். கையை இரண்டு மடிப்பு மடித்து விட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவாள். தையல் தெரிந்தவள் கண்ணில் அந்த மடிப்பு தினமும் காலையில் முள்ளாகக் குத்தும். பிரித்து, வெட்டி, சரி பண்ணிக் கொடுக்க ஒரு மணி நேரம் போதும். "கொண்டா, தச்சுத் தரேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்து மாதமாகச் சொல்லவில்லை.

கண்ணால் அளவெடுப்பது மந்திரம் ஒன்றுமில்லை. அளவு தெரிந்த ஏதாவது ஒரு பொருள் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மளிகைக் கடை மேஜை முப்பத்தாறு அங்குலம். சர்ச் பெஞ்சின் சாய்மானம் உட்கார்ந்தவர் தோளுக்கு எத்தனை விரல் கீழே என்று பார்த்தால் முதுகு உயரம் வந்துவிடும். மாடிப்படிக் கைப்பிடியில் கை வைத்தால் முழங்கை எங்கே மடங்குகிறது என்பதில் கையின் நீளம் வந்துவிடும். ஒரு ஆளை மூன்று இடத்தில் மூன்று நாள் பார்த்தால் பெரியவளுக்குப் போதும்.

கடையில் முட்டைக்காரம்மா ரொட்டி வாங்கும்போது நின்று பார்த்தாள். வேலை முடிந்து வந்த சின்னவளும் அங்கே இருந்தாள். கடைக்காரர் என்னவோ சொல்ல, மேஜையில் சாய்ந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். இடது தோளில் மருந்துப் பை. வருஷக்கணக்காக அதே தோளில் தொங்கித் தொங்கி, அந்தத் தோள் ஒரு விரல் இறங்கியே போயிருந்தது. கடைக்காரர் தன்னிடம் என்றைக்காவது இப்படிச் சிரித்துப் பேசியிருக்கிறாரா என்று பெரியவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சர்ச்சில் மூன்றாவது பெஞ்சில் சின்னவளும் முட்டைக்காரம்மாவும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுப் புத்தகம் ஒன்றுதான், இரண்டு பேரும் பிடித்திருந்தார்கள். பெரியவள் பின்னால் இருந்து பார்த்தாள். பிரசங்கத்தில் பாதிரியார் என்ன சொன்னார் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

மாடிப்படியில் சின்னவள் கிழவியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துப் படிப்படியாக இறக்கிக்கொண்டு வந்தாள். "அவசரமே இல்ல, ராணி மாதிரி இறங்குங்க" என்றாள். முட்டைக்காரம்மா நிஜமாகவே ராணி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். கீழே நின்ற பெரியவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அவளை அப்படி யாரும் பிடித்துக்கொண்டதில்லை, அவள் பிடிப்பில் யாரும் அப்படி மலர்ந்ததும் இல்லை.

அன்று சாயங்காலம் சின்னவள் வாசல் அறையில் வந்து நின்றாள். "அக்கா, அந்த அம்மா துணிமேல துணி போட்டிருக்காங்களே, உடம்பு எப்படின்னே தெரியாதே. நாளைக்குக் கட்டு மாத்தும்போது நான் டேப்பால அளந்துட்டு வந்துடட்டுமா? எதுக்குன்னு சொல்லாம பண்ணிடறேன்."

பெரியவள் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். "இந்த வீட்ல இருபது வருஷமா யாரும் டேப்ப எடுத்துட்டுப் போனதில்லம்மா. எனக்குக் கண்ணு இருக்கு."

"அது தெரியாதா அக்கா? சும்மா கேட்டேன்." சின்னவள் போகாமல் கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேவு பார்க்கிறாள் என்று நினைத்துப் பெரியவள் விளக்கு அவள் பக்கம் விழாமல் மறைத்துக்கொண்டாள்.

கருநீலத் துணி, நல்ல கனம். மேஜையில் விரித்து, சாக்பீஸை எடுத்து, கண்ணை மூடித் திறந்தாள். கை தானாக ஓடியது. பதின்மூன்று வருஷத்தில் அது இப்படித் தயங்காமல் ஓடியதே இல்லை. முதுகு, பக்கம், கை, காலர். இடது தோளில் கால் அங்குலம் இறக்கம். கத்தரிக்கோல் வெண்ணெயில் போவதுபோலப் போனது. கோபத்தில் தைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கோபத்தில் தைத்த தையல் அது என்று யாரும் சொல்லமாட்டார்கள், அவ்வளவு நேர். லைனிங் கொடுத்து, கைத்தையலில் காஜா எடுத்து, உள்பை வைத்து, நான்காவது மெழுகுவத்திக்கு முந்தின நாளே முடித்துவிட்டாள். யார் வேண்டுமானாலும் ஆளைப் பார்த்துச் சொல்லிவிடலாம், இப்படி ஒரு கோட்டுத் தைக்க இந்த வீட்டில் ஒருத்திதான் இருக்கிறாள் என்று மனசு குதித்தது.

மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கட்டை விரல் காலரில் ஏறி, வலது தோளில் இறங்கி, திரும்பி இடது தோளுக்கு வந்தது. அங்கே நின்றது. மறுபடி வலது. மறுபடி இடது.

அவர் கண்ணாடிக்கு மேலே அவளை ஒரு பார்வை பார்த்தார். "சின்னவ பாத்தாளா?" என்றார்.

"இல்ல மாமா."

"சரி. பாக்க வேணாம்," என்று கோட்டை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு ரேடியோவைத் திருகினார்.

அவ்வளவுதான். மூன்று வார்த்தையும் இல்லை, ஒரு வார்த்தையும் இல்லை. சமையலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பெரியவள் அழுதாள். எல்லாம் போயிற்று. தேர்ந்தெடுக்கிற உரிமையைச் சின்னவளுக்குக் கொடுத்தார்கள், தாங்கிக்கொண்டாள். மகளும் போனாள், மேய்ப்பனும் போனான். கடைசியில் தனக்கென்று இருந்த அந்த மூன்று வார்த்தையையும் அவள் பேரைச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பதினொரு மணிக்கு அவளே மூன்று மாடி ஏறினாள். கைப்பிடியில் கோட்டை மாட்டினாள். தட்டுகிற தட்டில் ஆத்திரமெல்லாம் இறங்கி, எதிர்வீட்டு நாய் குரைத்தது. திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்தாள்.

மதியம் எல்லோரும் சாப்பாட்டு மேஜையில் இருந்தார்கள். கொழுந்தனும் காலையில் லாரியை விட்டுவிட்டு வந்திருந்தான். வாசலில் பொத் பொத்தென்று ஊன்றுகோல் சத்தம் கேட்டது. முட்டைக்காரம்மா. கையில் கருநீலக் கோட்டு.

இருபது வருஷத்தில் இப்படி ஒன்று நடந்ததே இல்லை.

"யாரும் தப்பா நினைக்காதீங்க," என்றாள் முட்டைக்காரம்மா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி. "இது மாறி வந்துடுச்சு."

"எது?" என்றார் மாமனார், வழக்கத்தை விடாமல். "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதே."

"அட, விடுங்க தபால்காரரே. இருபது வருஷமா இந்த வீட்லேருந்துதான் போவுதுன்னு தெருவுல யாருக்குத் தெரியாது? நீங்க தெரியாத மாதிரி நடிக்கறீங்க, உங்க மனசு நோகக் கூடாதேன்னு நாங்களும் தெரியாத மாதிரி நடிக்கறோம்."

கொழுந்தனுக்குப் புரை ஏறியது. மகள் அவன் தலையில் தட்டினாள்.

முட்டைக்காரம்மா எழுந்து சட்டைகளைக் கழற்றிவிட்டுக் கோட்டுக்குள் கையை விட்டாள். கை விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது. மார்பில் பொத்தான் ஒரு சாண் தள்ளி நின்றது. "இதப் பாருங்க. அதவிட இந்தத் தோளப் பாருங்க. முப்பது வருஷம் வலது கையில முட்டைக் கூடை தூக்கினவ நான். எனக்கு வலது தோளுல்ல இறங்கும்? இது இடது பக்கம் இறக்கி வெட்டியிருக்கு." கழற்றினாள். சின்னவளைப் பார்த்துக் கோட்டை நீட்டினாள். "எந்திரிம்மா. இது உன்னோடது."

சின்னவள் சிரித்துக்கொண்டே எழுந்து போட்டுக்கொண்டாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. கை மணிக்கட்டில் வந்து நின்றது. முதுகு முதுகாக உட்கார்ந்தது. பொத்தான்கள் தாங்களாகப் போய் மாட்டிக்கொண்டன. அந்த இறங்கின இடது தோளில் ஒரு சுருக்கம் இல்லை. வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். பெரியவளும் பார்த்தாள். மூன்று இடத்தில் மூன்று நாள் தான் பார்த்தது யாரை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மாமனார் எழுந்து வந்து அந்தத் தோளைக் கட்டை விரலால் தடவினார். "நான் அன்னிக்கே பாத்துட்டேன்," என்றார் பெரியவளிடம். "இது சின்னவ தோளாச்சேன்னு. முட்டைக்காரம்மாவுக்கும் ஒண்ணு தனியா தச்சு வச்சிருப்ப, மாட்டும்போது மாறிப்போச்சு. இந்தப் பொண்ணு அந்தத் தொளதொள கோட்டுல போறத நாங்க யாரும் கவனிக்கல. நீ ஒருத்திதான் பாத்திருக்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது நல்லா இருக்கும்மா."

வந்துவிட்டது. ஒரு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை, எல்லோர் முன்னாலும், கண் கலங்கி வேறு. சும்மா தலையைக் குனிந்துகொண்டால் போதும். சாயங்காலத்துக்குள் தெருவே பேசும்.

சின்னவள் தன் கையை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "விடுதியில வருஷா வருஷம் மூட்டை வரும் அக்கா," என்றாள், குரல் உடைந்துபோய். "யாருக்கோ தச்சது, யாரோ போட்டது. அதுல எது சேருதோ அத எடுத்துக்கணும். என் அளவுக்குன்னு யாரும் இதுவரைக்கும்..." முடிக்க முடியவில்லை. அந்தப் பெண் அழுது அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

அந்த அழுகை மட்டும் இல்லையென்றால் பெரியவள் வாயைத் திறந்திருக்கமாட்டாள்.

"உனக்குன்னு தைக்கலம்மா," என்றாள். "மாமா, தனியா எதுவும் தச்சு வைக்கல. அந்த அம்மாவுக்குத் தச்சதுதான் இது. தப்பாயிடுச்சு."

"உன் கண்ணு தப்பாதே," என்றார் மாமனார்.

"தப்பல. வேற ஆளப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. கடையிலயும் இவளத்தான் பாத்தேன், சர்ச்சிலயும் இவளத்தான் பாத்தேன். அன்பா பாக்கல. பொறாமைல பாத்தேன். எல்லாத்தையும் இவ எடுத்துக்கிட்டாளேன்னு வயிறெரிஞ்சு பாத்தேன்." சொல்லிவிட்டாள். "அவ கோட்டு கை மடிச்சிருக்கறது எனக்கு முதல் நாள்லேருந்து தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன்."

மாமனார் உட்கார்ந்துவிட்டார். பேசியது முட்டைக்காரம்மாதான். "பொறாமைல தச்சதே இப்படின்னா, ஆசையா தச்சா எப்படி இருக்குமோ," என்றாள். "அது இருக்கட்டும், எனக்குக் கோட்டு உண்டா இல்லையா? அத முதல்ல சொல்லுங்க."

மணி ஒன்றரை. கருநீலத் துணியில் மிச்சம் காலருக்குக்கூடக் காணாது. பெரியவளின் பெட்டியில் ஒரு துணி இருந்தது, அரக்குச் சிவப்பு. தனக்கென்று மூன்று வருஷம் முன்பு வாங்கி, நேரம் கிடைக்கும்போது தைக்கலாம் என்று நாஃப்தலின் உருண்டை போட்டு வைத்தது. கொடுக்க மனசு வரவில்லைதான். பெட்டியைத் திறந்து, அதைத் தொட்டு, மூடி, மறுபடி திறந்தாள். எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் தட்டுகளை ஒதுக்கி விரித்தாள். டிராயரிலிருந்து டேப்பை எடுத்தாள்.

"அக்கா," என்றாள் சின்னவள், "டேப்பா?"

"இனிமே என் கண்ண நான் நம்பல. நீ பேனா எடு, எழுது."

இருபது வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் ஒரு ஆளை நிற்கவைத்து அளந்தார்கள். முட்டைக்காரம்மா கையை விரித்துக்கொண்டு, நடுக்கூடத்தில், யாருக்கும் தலை குனியாமல் நின்றாள். கேட்க ஆள் கிடைத்துவிட்டதால் கேட்டுக்கொண்டே இருந்தாள். பை ரெண்டும் ஆழமா வேணும், கை கொஞ்சம் கட்டையா இருக்கட்டும், கால் ஆறினதும் மறுபடி முட்டை விக்கப் போறேன். இத்தனை வருஷம் மனுஷங்களை ஒரு வார்த்தை கேட்காமல் தைத்துக்கொண்டிருந்தோமே என்று பெரியவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"முதுகு பதினேழரை," என்றாள். சின்னவள் எழுதினாள். கோட்டைக் கழற்றாமலே எழுதினாள்.

"உன் கை ரொம்ப ஜில்லுனு இருக்கும்மா," என்றாள் முட்டைக்காரம்மா. "இந்தப் பொண்ணு கை பட்டா வெதுவெதுன்னு என்ன இதமா இருக்கும் தெரியுமா? புண்ணுல தொட்டாகூட வலிக்காது."

பெரியவளுக்கு நெஞ்சில் மறுபடி அதே இடத்தில் சுருக்கென்றது. டேப் அவள் கையில் ஒரு நூல் இறுகியது. சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் இருக்கா அக்கா?" என்றாள் மெதுவாக.

"எது?"

"சொன்னீங்களே, அது."

பொய் சொல்லலாமா என்று பெரியவள் ஒரு கணம் யோசித்தாள். "இருக்கு," என்றாள்.

சின்னவள் தலையாட்டினாள். "எனக்கும் உண்டு அக்கா. நீங்க மெஷின்ல உக்காந்தா இந்த வீடே குரல தாழ்த்துது. நான் சிரிச்சாதான் என்னை யாராவது பாக்கறாங்க. நீங்க சும்மா உக்காந்தாலே போதும்." கருநீலக் கையால் மூக்கைத் துடைக்கப் போனவள், கோட்டு ஞாபகம் வந்து பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "இதக் கழட்டித் தரணுமா?"

"வேணாம். உன் அளவு அது. வேற யாருக்கும் சேராது."

மாமனார் எழுந்து போய் ரேடியோவை நிறுத்தினார். பெரியவள் டேப்பை ஒரு விரல் தளர்த்திப் பிடித்து, வலது தோளைப் பார்த்தாள். இந்தத் தடவை அந்தத் தோளை மட்டும்தான் பார்த்தாள்.

"வலது பக்கம் அரை இன்ச் இறக்கம்," என்றாள். "எழுதிக்கோ."